உல்யானா மார்கோவ்னாவும் கொதிக்க வைத்த தண்ணீரும்

கார்கிவில் எங்கள் நிறுவனத்தின் ஸ்பிரிட் அலமாரிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கூட்டமே போட்டார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கருவிகளின் உலோக முனைகளைத் துடைப்பதற்கென்று மாதம் மூன்று லிட்டர் சுத்த ஸ்பிரிட் வரும். அதில் முனைகள் குடித்தது பாதி, மனிதர்கள் குடித்தது பாதி. முன்பு சாவி வைத்திருந்தவன் ஒரு நாள் அலமாரிக்கு முன்னாலேயே படுத்துத் தூங்கிவிட்டான். அதனால் குடிக்காத ஆள் ஒருவரைத் தேடினார்கள். நாலு மாடிக் கட்டடத்தில் ஒரே ஒருத்திதான் அகப்பட்டாள். ஆய்வக உதவியாளர் உல்யானா மார்கோவ்னா. அன்று முதல் அந்தச் சாவி ஒரு நாடாவில் அவள் கழுத்தில் தொங்கியது.

"அது சிலுவை தொங்க வேண்டிய இடம்டி" என்று கேலி செய்வேன்.

"சிலுவையத் தொங்கவிட்டா வேலை போயிடும் ராயா. சாவியத் தொங்கவிட்டா வேலை நிக்கும்" என்பாள்.

நான் ராயீசா. அதே ஆய்வகத்தில் வரைபடம் வரைபவள். எனக்கு வாய் நீளம், கோபமும் அதற்கேற்ற நீளம். உல்யானாவைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொறுமையான ஆள் கிடைத்திருக்கலாம். ஆனால் விஷயம் தெரிந்தவர்களில், அவளை விட்டால், மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். அவள் வாழ்க்கை கெட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

பொல்தாவாவுக்கு அருகே ஒரு கிராமத்தில், யுத்தத்தின் நடுவே பிறந்தவள் அவள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. பதினாறு வயதில் கார்கிவுக்கு வந்து தொழிற்பள்ளியில் ஈயப் பற்றவைப்பு படித்தாள். இருபத்து நாலு வயதில் எங்கள் நிறுவனத்துக்கு வந்தாள். கல்யாணம் ஆனது. கணவன் டிராம் ஓட்டுநர். வடக்கே நிக்கல் சுரங்கத்தில் நல்ல சம்பளம் என்று போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அழுவாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். "டிராமே தண்டவாளம் மாறுது, மனுஷன் மாற மாட்டானா?" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். நிறுவனத்தின் விடுதியில் ஓர் அறை, ஜன்னலில் ஒரு ஜெரேனியப் பூச்செடித் தொட்டி, ஒரு கம்பளிக் கோட்டு. அவ்வளவுதான் அவள் சொத்து. வேலை போனால் அறையும் போகும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய சொத்தில் கைகளைச் சேர்க்க மறந்துவிட்டேன். தீக்குச்சியை பிளேடால் கூராகச் சீவி, நுனியில் ஒரு துளிப் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, கடுகு நுழையாத துளைக்குள்ளும் விட்டுச் சுழற்றி எடுப்பாள். பஞ்சு வெள்ளையாக வெளியே வரும்வரை விடமாட்டாள். உல்யானா துடைத்தது என்றால் அதற்கு மேல் சோதனை கிடையாது. கட்டடம் முழுக்க அப்படித்தான் பேச்சு.

எங்கள் பகுதித் தலைவர் அர்காதி சமோய்லோவிச். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே தெரியாது. ஆய்வக உதவியாளரிடமும் முழுப் பெயர் சொல்லி, மரியாதையோடுதான் பேசுவார். பத்து வருடமாக அவர் தலையில் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அதை உல்யானாவுக்கு விளக்கினார்.

"ஒளி கண்ணாடியில பட்டா என்ன ஆகும், உல்யானா மார்கோவ்னா?"

"திரும்பி வரும்."

"கண்ணாடியே வைக்காம திருப்ப முடியும்னு நான் சொல்றேன்."

"அப்போ டாக்டரப் பாருங்க, அர்காதி சமோய்லோவிச்" என்றேன் நான். கேட்டது அவளைத்தான், ஆனால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

அவர் சிரித்தார். "சாசேஜ் வாங்க க்யூவுல நிக்கறீங்க. எல்லாரும் கடையப் பாத்து நடந்துட்டிருக்காங்க. கடை வாசல்ல கதவ மூடிட்டாங்கன்னா யார் முதல்ல திரும்புவாங்க?"

"முன்னால நிக்கறவ. கண்டபடி திட்டிக்கிட்டே வருவா" என்றாள் உல்யானா.

"சரி. அவளுக்கப்புறம் ரெண்டாவது ஆளு, அப்புறம் மூணாவது. இதுதான் சாதாரணக் கண்ணாடி. இப்போ கதவ மூடல. ஆனா தெருவே ஒரே நொடியில மாறிப்போச்சு. 'சாசேஜ் பின்னால இருக்கற கடைக்கு வந்திருக்கு'ன்னு தெரு முழுக்க ஒலிபெருக்கியில சொல்லிட்டாங்க. க்யூவுல இருக்கற அத்தன பேருக்கும் ஒரே நொடியில கேக்குது. கொஞ்சப் பேர் அப்படியே திரும்பறாங்க. இப்போ யார் முதல்ல வருவா?"

உல்யானா கோப்பையைக் கீழே வைத்தாள். "கடைசியா நின்னவ."

"அதேதான்! ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மாறாது. நடை வேகம் மாறும். அதனால அலையோட நீளம் அப்படியே இருக்கும், துடிப்பு மாறும். ஒளி போய்க்கிட்டிருக்கற பொருள், வழியில ஒரு இடத்துல மாறினா அது ஒரு விஷயம். பொருள் முழுக்க ஒரே கணத்துல மாறினா அது வேற விஷயம். கடைசி முதலா திரும்பி வரணும். கணக்கு அப்படித்தான் சொல்லுது. கண்ணால பாத்தவங்க யாரும் இல்ல."

"ஒலிபெருக்கி பாதிப் பேருக்குக் கேக்கலைன்னா?"

"தள்ளுமுள்ளுதான். க்யூவும் இருக்காது, எதிரொலியும் இருக்காது."

ஒளியை வைத்துச் செய்து பார்க்க எங்களிடம் வசதியில்லை. ரேடியோ அலையும் ஒளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். தம்பியான ஒளியின் துடிப்பு நம் கைக்கு அடங்காது என்று அண்ணனான ரேடியோ அலையை வைத்துச் செய்தோம். பதினாறு மீட்டர் செப்புப் பட்டை சுவர் முழுக்க மேலும் கீழும் வளைந்து ஓடியது. அதன் நெடுகப் பட்டாணி அளவில் எண்பது மின் ஸ்விட்சுகள். அலை பட்டைக்குள் போய்க்கொண்டிருக்கும்போது எண்பதும் ஒரே கணத்தில் மூட வேண்டும். மூடினால் அலைக்கு அது வேறொரு பொருள். ஒன்று பிந்தினாலும் போச்சு.

தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்விட்சுகளில் பத்துக்கு ஒன்று சொத்தை. பற்றவைத்துவிட்டால் கழற்றி மாற்றுவதற்குள் பட்டை கெட்டுப்போகும். அப்போது உல்யானாதான் ஒரு யோசனை சொன்னாள். "பத்த வைக்க வேண்டாம். வெள்ளி பூசின சின்ன சாக்கெட்டு வைப்போம். சொத்தையப் பிடுங்கி நல்லதச் செருகிக்கலாம். சாக்கெட்ட மட்டும் சுத்தமா வெச்சுக்கணும், அத நான் பாத்துக்கறேன்." அர்காதி எழுந்து நின்று அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தோன்றாதது இவளுக்குத் தோன்றியதே என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

எண்பத்து மூன்று அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். மூன்று அலைத்துடிப்புகளை அனுப்பினோம். முதலில் உயரமானது, அடுத்து நடுத்தரம், கடைசியில் குட்டை. திரும்பி வந்தவை திரையில் நின்றன. குட்டை, நடுத்தரம், உயரம். அர்காதி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பத் திரும்பச் செய்தார். நாற்பது நிமிடம் அது அப்படியே நின்றது. பிறகு ஒரு ஸ்விட்ச் புகைந்து எல்லாம் அணைந்தது. அதோடு பாதி ஸ்விட்சுகள் எரிந்துபோயின, புதியவை பிப்ரவரியில்தான் வந்தன.

படம் எடுக்கலாமென்றால் கேமராவில் பிலிம் இல்லை. நவம்பர் ஒதுக்கீட்டில்தான் வரும். அதனால் நான் திரையின் மேல் ட்ரேசிங் தாளை ஒட்டி பென்சிலால் அப்படியே படியெடுத்தேன். திரையில் இடம் போதாததால் திரும்பி வந்த மூன்றை மட்டும் எடுத்தேன். எந்த வரைபடத்திலும் மூலையில் தேதியும் குறிப்பும் எழுதிய பிறகுதான் கையை எடுப்பேன். பதினெட்டு வருடப் பழக்கம். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். குறிப்பை மறுநாள்தான் எழுதினேன், அதுவும் மையால்.

இயக்குநர் பொறுத்திருக்கலாம். நவம்பர் புரட்சி விழாவுக்கு எங்கள் நிறுவனத்தின் உழைப்புப் பரிசு என்று மறுவாரமே மாஸ்கோவுக்கு எழுதிவிட்டார். தொப்புள்கொடி அறுக்காத பிள்ளையை ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போன மாதிரி. பிப்ரவரியில் நேரில் பார்க்க ஒரு குழு வரும் என்று பதில் வந்தது. அர்காதிக்கு உயர் டாக்டர் பட்டம் அந்தக் குழுவின் கையில் இருந்தது. அதைவிட முக்கியம், அவருடைய பத்து வருடமும் அதன் கையில்தான் இருந்தது.

ஜனவரியில் வெப்பமூட்டும் குழாய் வெடித்தது. ஆய்வகத்தில் மை உறைந்தது. குளிரில் ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. நிர்வாகத்துக்கு எழுதினால் அடுத்த காலாண்டில் பார்க்கிறோம் என்றார்கள். அர்காதி கையுறைக்குள் கையை ஊதிக்கொண்டு, "ஏதாவது வழி பண்ணுங்க, உல்யானா மார்கோவ்னா" என்றார். என்ன வழி என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை.

பிளம்பர் சவேலிச் வந்து குழாயைத் தட்டிப் பார்த்தான்.

"வெடிச்சிருக்கு, மார்கோவ்னா."

"கண்ணு எனக்கும் இருக்கு, சவேலிச்."

"எழுதிக் குடுத்தீங்கன்னா ஏப்ரல்ல வருவேன்."

"எழுதிக் குடுக்கலைன்னா?"

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருவேன். அரை லிட்டர். தண்ணி கலக்காதது. தண்ணிதான் எனக்குக் குழாயிலயே நிறையக் கிடைக்குதே."

கொடுத்தாள். மத்தியானத்துக்குள் அறை சுட்டது. அர்காதி கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "நீங்க இல்லாட்டி நாங்க என்ன ஆவோம்" என்றார்.

அதற்குப் பின் நடந்தது அப்போது எனக்குத் தெரியாது. மாதக் கடைசி. அலமாரியில் இருந்தது இன்னும் ஓர் அரை லிட்டர்தான். எண்பது சாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு துளைகள், ஒவ்வொரு துளையையும் மூன்று முறை துடைக்க வேண்டும். போதாது. அவள் புட்டியில் தண்ணீர் சேர்த்தாள். குழாய்த் தண்ணீர் இல்லை. அவ்வளவு அசட்டையானவளா அவள்? தேநீர்க் கெட்டிலில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆற வைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினாள். எங்கள் ஊரில் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சுத்தம். குழந்தைக்கும் அதுதான் கொடுப்போம், புண்ணையும் அதில்தான் கழுவுவோம். மேல்மாடி வேதியியல்காரர்களிடம் காய்ச்சி வடித்த நீர் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார்கள், ஸ்பிரிட் எங்கே என்பார்கள். அதனால் கேட்கவில்லை.

கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புப் படிவு தட்டியிருக்குமே, கார்கிவில் எந்த வீட்டுக் கெட்டிலிலும் உண்டு. அது நாங்கள் பிறந்ததிலிருந்து பார்ப்பது. பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போய்விட்டது.

இரண்டு நாள் உட்கார்ந்து துடைத்தாள். குழு வருகிறதென்று எப்போதையும்விட அதிகமாகவே துடைத்தாள். ஒவ்வொரு துடைப்பிலும் ஒரு பூச்சு சுண்ணாம்பு. சோம்பேறி ஒருத்தி அங்கே இருந்திருந்தால், துடைக்காமல் விட்டிருந்தால், எல்லாம் நன்றாக நடந்திருக்கும்.

புது ஸ்விட்சுகள் வந்த மறுநாளே மாஸ்கோவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அர்காதி விளக்கினார், பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு கூனல் மட்டும் எழுந்தது. உயரமும் இல்லை, குட்டையும் இல்லை, எல்லாம் கலந்த ஒரு மேடு. மறுபடி அழுத்தினார். அதே மேடு. ஸ்விட்சுகளை மாற்றினார். மின்கலத்தை மாற்றினார். சாக்கெட்டுகளைப் பார்க்கலாமா என்று நான் வாயெடுத்தேன். "அதெல்லாம் உல்யானா மார்கோவ்னா துடைச்சது" என்று முடித்துவிட்டார். இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் குழுவின் தலைவர், சாம்பல் நிறக் கோட்டு போட்ட, மிக நாகரிகமான மனிதர், என்னுடைய ட்ரேசிங் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது திரும்பி வந்த அலையா?"

"ஆமா. குட்டை, நடுத்தரம், உயரம்."

அவர் தாளை மெதுவாகப் பின்பக்கம் திருப்பினார். "இப்போ உயரம், நடுத்தரம், குட்டை. சாதாரண எதிரொலி. பட்டையோட முனையிலிருந்து தினம் வர்றது." மூலையைத் தடவினார். "படம் பென்சில்ல, குறிப்பு மட்டும் மையில இருக்கே. எப்போ எழுதினது?"

"மறுநாள். ஆனா நான் என் கண்ணால பாத்தேன்!" என்று கத்தினேன்.

"நீங்க யாரு, அம்மா?"

"வரைபடம் வரையறவ."

"நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்று சொல்லி, தாளை அர்காதியிடம் கொடுத்தார். முடிவு உறுதிப்படவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். மோசடி என்று அவர்கள் எழுதவில்லை. அதை எங்கள் கட்டடமே அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டது. தாளைத் திருப்பிப் பிடித்து டாக்டராகப் பார்த்தவர் என்று கேன்டீனில் சிரித்தார்கள். பகுதியை மூடினார்கள். அர்காதியை நிலவறை அறைக்கு மாற்றி, தீயணைப்பு விதிமுறைகள் எழுதச் சொன்னார்கள். அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

பட்டையைக் கழற்றும் வேலை உல்யானாவுக்கு வந்தது. மார்ச் மாதம். ஒரு சாக்கெட்டைப் பிளந்து பார்த்தவள் என்னைக் கூப்பிட்டாள். உள்ளே வெள்ளி தெரியவில்லை, சாம்பல் பூத்த மாதிரி ஒரு தோல், மின்சாரத்தை மறிக்கிற தோல். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

"கெட்டிலு" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். "நான் போய்ச் சொல்லிடறேன் ராயா. இப்பவே. துடைச்சுட்டு மறுபடி ஓட்டிப் பாக்கச் சொல்றேன்."

இப்போது என் பங்கு. அந்த வருடங்களில் ஒழுங்கு, ஒழுங்கு என்று ஊரை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் சினிமாக் கொட்டகையில் விளக்கைப் போட்டு, வேலை நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்ட காலம். அரசாங்க ஸ்பிரிட்டைப் பிளம்பருக்குக் கொடுத்தேன் என்று வாய் திறந்தால் அதற்குப் பெயர் திருட்டு. நான் அவளுடைய தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"வாய மூடு. பட்டையக் கழட்டியாச்சு. இனிமே சொல்லி யாருக்கு என்ன? உன் வேலை போகும், அறை போகும், ஜெயிலுக்கும் போவே. அவருக்குத் திரும்ப எதுவும் வராது."

"அவருக்கு மட்டுமாவது..."

"அவர் நியாயஸ்தர். கேட்டா நேரா மேல போய்ச் சொல்லிடுவாரு. உன்னக் காப்பாத்தறதா நெனச்சு ரெண்டு பேரும் சேர்ந்து மூழ்குவீங்க."

வாயை மூடிக்கொண்டாள். நான் சொன்னேன், அவள் கேட்டாள். நல்ல யோசனை சொல்கிற தோழி இருந்தால் எதிரி எதற்கு?

அதற்கப்புறம் ஆறு வருடம் ஒரே கட்டடத்தில் அவர்கள் இருந்தார்கள். எண்பது சாக்கெட்டுகளையும் ஒரு தலையணை உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, வினிகரில் ஊற வைத்து, பளபளவென்று ஆக்கினாள். பட்டை இல்லை, திரை இல்லை, ஸ்விட்ச் இல்லை. சாக்கெட்டுகள் மட்டும் புத்தம் புதிதாக இருந்தன. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அவள் கையில் வாலும் இல்லை. நிலவறைப் படி வரை போய் எத்தனை தடவை திரும்பியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளே சொல்வாள்: "இன்னிக்கு ஏழு படி இறங்கினேன்." மறுமாதம், "இன்னிக்கு அஞ்சுதான்."

தொண்ணூறில் அர்காதி தன் தங்கை மீராவோடு வெளிநாட்டில் ஹைஃபா என்ற ஊருக்குக் கிளம்பினார். போனால் திரும்ப வர முடியாத பயணம். இனி அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அவளையும் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார்கள். காலம் அவ்வளவு மாறியிருந்தது. இந்தத் தடவை நானே அவளை ரயில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சொல்லிடு. மூச்சு விடாம சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

நடைமேடையில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். உல்யானா வாயைத் திறந்தாள்.

"அர்காதி சமோய்லோவிச், நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"முதல்ல நான் சொல்லிடறேன், உல்யானா மார்கோவ்னா. வண்டி கிளம்பிடும்." கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். என்னுடைய ட்ரேசிங் தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். ஆறு வருஷமா யோசிச்சுட்டேன். கருவி, மின்கலம், ஸ்விட்சு எல்லாத்தையும் ஒண்ணொண்ணா கழிச்சுப் பாத்துட்டேன். சாக்கெட்டு மட்டும்தான் மிச்சம். அதத் துடைச்சது நீங்க. உங்க கையில தப்பு வராது. ஆக, தப்பு என் கண்ணுலதான். அன்னிக்கு நான் ஆசப்பட்டத நான் பாத்திருக்கேன். அது சாதாரண எதிரொலிதான்."

"இல்ல!" என்றாள் உல்யானா.

"நீங்க நல்லவங்க. அதனால இல்லைன்னு சொல்றீங்க." அவள் கையை எடுத்து முத்தமிட்டார். "இது தெரிஞ்சதுக்கப்புறம் எனக்கு நிம்மதிதான். இந்தக் கட்டடத்துல நான் முழுசா நம்பினது இந்த ரெண்டு கைய மட்டும்தான். அதுவும் பொய்யின்னா எப்படிப் போவேன்?"

நான் அவள் விலாவில் இடித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். மீரா ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். அவர் ஏறினார். வண்டி கிளம்பியது. நான் சொல்லியிருக்கலாமா என்று கேட்காதீர்கள். இந்த நீண்ட வாய் அன்றைக்கு எங்கே போனது என்று நானே முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் முழுக்க உட்கார்ந்து கடிதம் எழுதினாள். எழுதுவாள், கிழிப்பாள். கடைசியில் நாலு பக்கம் தேறியது. சவேலிச், அரை லிட்டர், கெட்டில், சுண்ணாம்பு, எல்லாம் அதில் இருந்தது. "நீங்கள் பார்த்தது உண்மை. நானும் ராயாவும் பார்த்தோம். கடைசியில் போனது முதலில் வந்தது" என்று முடித்திருந்தாள். தொண்ணூற்றொன்று ஏப்ரலில் தபாலில் போட்டோம். ஜூனில் அதே உறை திரும்பி வந்தது. மேலே மீராவின் கையெழுத்து: "அண்ணன் மார்ச்சில் காலமானார். அவருக்கு வந்தது என்பதால் பிரிக்கவில்லை."

மூன்று வாரம். மூன்று வாரம் முன்னால் போட்டிருந்தால் என்று கணக்குப் போடுவதை அவள் நிறுத்தவே இல்லை. நான்தான் சண்டை போடுவேன். "ஏழு வருஷம் சும்மா இருந்துட்டு மூணு வாரத்துக்கு அழறியே!" என்பேன். கொடுமையான பேச்சுதான். சொன்ன பிறகு வீட்டுக்குப் போய் நானும் அழுவேன்.

மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் ஒன்றும் நடக்கவில்லை. நிறுவனம் காலியானது. நாங்கள் வேலை பார்த்த மாடியில் யாரோ மரச்சாமான் விற்றார்கள். விடுதி அறை அவளுக்கே சொந்தமானது. பெரிய சந்தையில் பதினைந்து வருடம் சாக்ஸ் விற்றாள். பனியில் நின்று நின்று விரல்கள் வளைந்துபோயின. பிறகு யுத்தம் வந்தது. மகன் வந்து அழைத்தும் நான் போகவில்லை. அவளை அழைக்க யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடி போன இடத்தில் பலகை அடித்திருந்தார்கள். ஜெரேனியம் பலகைக்குப் பின்னால் இருட்டில் வெளுத்து நின்றது.

இரண்டாவது யுத்த வசந்தத்தில், ஒரு நாள் மத்தியானம், என் மகன் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினான். கடலுக்கு அப்பால் சில இளைஞர்கள் ஓர் உலோகப் பட்டையில் வரிசையாக ஸ்விட்சுகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் மூடி, அலையைத் திருப்பியிருக்கிறார்களாம். கடைசியில் போனது முதலில் வந்ததாம். துடிப்பும் மாறியதாம். அடுத்து இதை ஒளியிலும் செய்யப் போகிறார்களாம். உலகமே பாராட்டுகிறது.

கைபேசியை எடுத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறினேன். கட்டிலில் படுத்திருந்தாள். எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கச் சொன்னாள். உள்ளே பிரிக்காத கடிதம், ட்ரேசிங் தாள், தலையணை உறை.

"அவங்களுக்கு எழுதுவோம் ராயா. நாப்பது வருஷம் முன்னாடி கார்கிவ்ல ஒருத்தர் பாத்தாருன்னு எழுதுவோம்."

"ஆதாரம் கேப்பாங்களே."

இருவரும் தாளைப் பார்த்தோம். அவள் மெல்ல அதைத் திருப்பினாள். உயரம், நடுத்தரம், குட்டை. மறுபடி திருப்பினாள். குட்டை, நடுத்தரம், உயரம். அப்படியே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு செத்துப்போனார். மிச்சம் இரண்டு கிழவிகள்.

பெட்டியை மூடாமலே உல்யானா கேட்டாள். "அவங்க சாக்கெட்ட எதால துடைச்சாங்கன்னு போட்டிருக்கா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம். இந்த வயதில் அவளிடம் ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவளுக்கு நான் ஒரு முறை யோசனை சொன்னதே போதும்.

"சாக்கெட்டே இல்ல உல்யா. எல்லாம் பத்த வெச்சிருக்காங்க."

"சொத்தையா ஒண்ணு வந்தா?"

"அவங்களுக்குச் சொத்தை வர்றதில்ல போல."

வளைந்த விரல்களால் தலையணை உறையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"அப்போ துடைக்கவே வேண்டியதில்லையா?"

"வேண்டியதில்ல" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.